ஒப்படைத்துச் செல்லும் நாள்: வாழ்வின் குறுமையும் கிறித்தவ நோக்கும்

(கீழவாஞ்சூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



வாழ்நாள் குறுகியது என்று இந்தக் கரையில் நின்றுகொண்டு யாரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் காலை 6.29க்குச் சுமத்திராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நாகை, காரைக்கால் கரைகளை எட்டியபோது 9 மணி ஆகியிருந்தது. இடையில் இருந்த இரண்டரை மணி நேரமும் இங்கே வழக்கமான ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையாகவே கழிந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வேளாங்கண்ணி வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காரைக்கால் பகுதியிலும் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். எனவே வாழ்வின் குறுமையை நிறுவ நான் நேரம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதை ஒப்புக்கொண்ட ஒருவர் நாளைக் காலை எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

தமிழ் மரபு இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. திருக்குறளில் நிலையாமை அதிகாரம் துறவறவியலில் இடம்பெறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பட்டினத்தாராகி வெளியேறியதை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. நிலையாமையை உணர்ந்தவர் பற்றை விடுகிறார் என்பது அந்த வழி. அதே குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரம், அறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் இன்றே செய் என்கிறது. ஆகவே தமிழ் மரபை ஒரே வழியில் அடைத்துவிட நான் விரும்பவில்லை. கிறித்தவ நோக்கு இந்த இரண்டாவது குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கூடவே தனக்கென ஒன்றையும் சொல்கிறது. வாழ்வு குறுகியது என்றால் மனிதன் தன் வேலையைத் தானே முடிக்கப் போவதில்லை என்று பொருள். ஆகவே ஒவ்வொரு நாளையும் இன்னொருவர் கையில் ஒப்படைக்கத் தக்கதாக வாழ வேண்டும். இன்றைய உரையின் கருத்து இதுதான். ஐந்து படிகளில் இதை வளர்க்கிறேன்.

1. அடக்க ஆராதனையில் சிக்கிக்கொண்ட சங்கீதம்

கத்தோலிக்கர் திருப்பாடல் என்றும் சீர்திருத்தச் சபையார் சங்கீதம் என்றும் சொல்லும் தொகுப்பில் 90ஆவது பாட்டை நம்மில் பெரும்பாலோர் அடக்க ஆராதனையில்தான் கேட்டிருப்போம். மனித ஆயுள் எழுபது, பலமிருந்தால் எண்பது என்று கணக்குச் சொல்லும் பாட்டு அது. காலையில் தழைத்து மாலையில் வாடும் புல்லைப் பற்றியும் அதில் வருகிறது. பெட்டியை மூடும் நேரத்துக்கு அது பொருத்தம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை முழுதாக வாசித்தவர்கள் கவனிக்க வேண்டியது அதன் முடிவை. மலைகளுக்கு முந்திய கடவுளில் தொடங்கி, புல்லின் மாலைக்கு இறங்கி, நாட்களை எண்ணக் கற்றுத்தரும்படி கேட்கும் அந்த மன்றாட்டு, கடைசியில் தங்கள் கைகளின் வேலையை நிலைநிறுத்தும்படி கடவுளிடம் கேட்டு முடிகிறது. அதையும் இருமுறை கேட்கிறது. இறந்தவருக்காக ஒருவரும் இப்படி வேண்டமாட்டார்கள். அடுத்த நாள் விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர்களின் வேண்டுதல் அது.

அந்தப் பாட்டின் தலைப்புக் குறிப்பு அதை மோசேயின் மன்றாட்டு என்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் ஆசிரியர் யார் என்பதில் வேறுபடலாம். ஆனால் அதை மோசேயின் வாயில் வைத்த மரபு ஒன்றைத் தெரிந்தே செய்தது. நாற்பது ஆண்டு மக்களை நடத்தி வந்தவர் நெபோ மலையிலிருந்து நாட்டைக் கண்ணால் பார்த்ததோடு சரி, கால் வைக்கவில்லை. வேலை யோசுவாவிடம் போனது. நாட்களை எண்ணுவது பற்றிப் பேசும் தகுதியை மரபு வெற்றி கண்டு முடித்த ஒருவருக்குத் தரவில்லை, பாதியில் ஒப்படைத்தவருக்கே தந்தது.

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் நிலக்கிழார் கதையையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். விளைச்சல் மிகுந்ததும் பெரிய களஞ்சியம் கட்டத் திட்டமிடுகிறார், அன்றிரவே இறக்கிறார். சேமித்தது தவறு என்று இதற்கு விளக்கம் சொல்லப் பழகிவிட்டோம். டெல்டாக்காரர்களுக்குச் சேமிப்புக் குற்றம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. யோசேப்பு எகிப்தில் ஏழாண்டு தானியம் சேர்த்ததை அதே விவிலியம் புகழ்கிறது. அந்த நிலக்கிழாரின் பேச்சு முழுதும் தன்னோடு தான் பேசிக்கொள்வது. வேலையாள், அயலார், பிள்ளை என்று வேறு ஒருவரும் அதில் இல்லை. கடவுள் அவரிடம் கேட்பதும், இதெல்லாம் இனி யாருடையதாகும் என்ற ஒரே கேள்விதான். ஒப்படைக்க ஆளில்லாத சேமிப்பு அது.

2. தரங்கம்பாடியில் ஒரு குறுகிய வாழ்வு

இங்கிருந்து வடக்கே காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று டேனியக் கப்பலில் வந்திறங்கிய மிஷன் ஊழியர் பார்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு வயது 23. சிறுவயது முதலே நோயாளி. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அங்கேயே இறந்தார். இடைப்பட்ட காலம் பன்னிரண்டரை ஆண்டுக்குச் சற்று அதிகம். அதிலும் 1714 முதல் 1716 வரை ஏறக்குறைய இரண்டாண்டு ஐரோப்பியப் பயணத்தில் போயிற்று. 1708 நவம்பர் முதல் நான்கு மாதம் டேனியத் தளபதியின் உத்தரவால் கோட்டைச் சிறையில் போயிற்று. எஞ்சிய காலத்தில் அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டு வியப்பது எளிது. அந்த வியப்பை நான் தவிர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அது அவரை விரைவுக்கு எடுத்துக்காட்டாக்கிவிடும். அவருடைய நாள் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதமொன்றில் தமிழ் கற்ற நாட்களின் நேர ஒழுங்கைச் சொல்கிறார். காலை 7 முதல் 8 வரை, எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை முன்பு படித்திராத தமிழ் நூல்களை மட்டும் வாசிப்பது; அருகில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் நூல்கள். மாலை 7 முதல் 8 வரை, கண்ணுக்கு ஓய்வு தருவதற்காக, பிறர் வாசிக்கக் கேட்பது. நண்பகல் வெயிலில் மூன்று மணி நேரம் காலியாக விடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நோயாளியின் நாள் அது. தன் உடம்பின் அளவு தெரிந்தவரின் நாள். நாளுக்குள் எவ்வளவு திணிக்கலாம் என்று அவர் பார்க்கவில்லை. எந்த வேலைக்கு எந்த நேரம், யார் துணையோடு என்று பார்த்தார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவரின் ஒழுங்கு இது.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறை. 1711 மார்ச்சில் அதை முடித்தார். அச்சகம் 1712இலும், ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இலும் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின; தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் நிறுவினார்கள். 1714இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715இல் மீதியும் அச்சாயின. பிறகு பழைய ஏற்பாடு. ரூத்து நூல் வரை வந்தபோது அவர் நாள் முடிந்தது.

எனக்கு அவருடைய வாழ்வில் மிக முக்கியமான இடம் அந்த ரூத்துதான். அடுத்து வந்த பெஞ்சமின் சூல்சே 1719இல் கரையிறங்கியபோது சீகன்பால்கு உயிரோடில்லை. உடன் பணியாற்றிய குருண்ட்லர் சில மாதங்கள் துணையிருந்து 1720 மார்ச்சில் அவரும் போனார். அப்படியும் வேலை நிற்கவில்லை. 1728இல் விவிலியம் முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. 1740இல் வந்த பப்ரிசியுஸ் அதைத் தம் வாழ்நாள் முழுதும் திருத்தினார். ஊழியத்திலும் இதே தொடர்ச்சி. 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்றபோது சீகன்பால்கு இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்து, ஆலை, பள்ளி, சொல் தொகுப்பு ஆகிய அனைத்தும் அடுத்தவர் எடுத்துத் தொடரத் தக்க நிலையில் இருந்ததால் இது நடந்தது. தம் நினைவில் மட்டும் தமிழை வைத்திருந்து அவர் இறந்திருந்தால் அடுத்தவர் மணலில் எழுதுவதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அவருடைய நோக்கம் மதமாற்றம் என்பதை அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் ஒப்படைத்த பொருள் ஒப்படைத்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அந்நிய சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. இன்று அதைத் தேடிப் படிப்பவர்கள் பெரும்பாலும் தமிழகத்தின் சமய வரலாற்றை ஆராய்பவர்கள். யார் வாசிப்பார்கள் என்று தெரியாமலே ஒருவர் தன் நாளைக் கவனமாகச் செலவிட்டால் இப்படியும் நடக்கும்.

3. கட்டிடம் எதற்கு என்ற கேள்வி

நான் சொல்லும் கருத்துக்கு எதிர்ப்பு கிறித்தவத்துக்கு உள்ளிருந்தே வந்தது. அதுவும் அந்நாளைய தரங்கம்பாடியை நோக்கியே வந்தது. கோபன்ஹேகனில் மிஷன் கழகத்தின் செயலராக இருந்த வென்ட், ஊழியர்கள் ஆதித் திருத்தூதரைப்போல உடைமையின்றி ஊர் ஊராகப் போக வேண்டும் என்று கருதினார். ஆலயம், பள்ளி, வீடு, பணம் எல்லாம் அவருக்குத் தடைகளாகத் தெரிந்தன. 1718 அக்டோபரில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தை அர்ப்பணித்த மனிதருக்கு, கடைசி மாதங்களில் கடல் கடந்து வந்த கண்டனம் இதுதான்.

வென்டின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. உலகம் கடந்துபோவது உண்மையானால் சுவர் எழுப்புவது நம்பிக்கைக் குறைவல்லவா? அவருக்குப் பவுல் துணை இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதே பவுல், முடிவு நாள் நெருங்கிவிட்டதென்று வேலையை விட்டுத் திரிந்த தெசலோனிக்கேயரைக் கண்டித்து, வேலை செய்து தங்கள் உணவைத் தாங்களே உண்ணும்படி எழுதினார். முடிவு நெருக்கம் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த நெருக்கத்திலிருந்து சோம்பலைப் பெற்றதைத்தான் மறுத்தார். வென்ட் சோம்பலைக் கேட்கவில்லை என்பது சரி. ஆனால் எதையும் விட்டுச்செல்லாத ஊழியத்தைக் கேட்டார். அப்படிப்பட்ட ஊழியம் ஊழியரோடு முடியும். தானே கடைசி ஆள் என்று எண்ணுகிறவர்தான் பின்னால் வருபவருக்கு எதையும் கட்டிவைக்க மாட்டார். பற்றின்மையைப் போலத் தோன்றும் இதில் ஒருவகைத் தன்முனைப்பு ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்றைய நம் சபைகளின் சிக்கல் வேறு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, நாட்களை எண்ணுவதற்கென்றே அமைந்த நேரம். அந்த இரவில் நாம் பெரும்பாலும் வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். கிடைக்கப் போவது என்ன என்று கேட்கிறோம். கழிந்த ஆண்டில் எதை யாரிடம் ஒப்படைத்தோம் என்ற கணக்கைக் கேட்க மறந்துவிடுகிறோம். இது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

4. அன்றாடம் உழைப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

இரண்டு மறுப்புகள் வலுவானவை. முதலாவது, நாட்களை எண்ணும் பழக்கம் மனிதனை உழைப்பு எந்திரமாக்கும் என்பது. நேரத்தை வீணாக்குவதைப் பெரும் பாவமாகக் கண்ட ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் பாக்ஸ்டரைச் சான்று காட்டி, மாக்ஸ் வெபர் 1905 வாக்கில் இந்த உறவை விரிவாக எழுதினார். வரலாற்றளவில் அவர் காட்டியதில் உண்மை உண்டு. ஆனால் விவிலியத்தின் நாள் கணக்கில் ஏழில் ஒன்று உற்பத்திக்கு மூடப்பட்டது. உபாகமத்தில் அந்தக் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. மாடும் கழுதையும்கூடத் தப்புவதில்லை. அதாவது என் நாளை நான் எண்ணும்போது எனக்காக வேலை செய்பவரின் ஓய்வையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்தக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. மீன் இனம் பெருக விடப்படும் அந்த நாட்களில் விசைப்படகுக்கு வேலையில்லை, வலைக்கும் இயந்திரத்துக்கும் பழுதுபார்ப்பு. விட்டுவைப்பதும் ஒப்படைப்பில் சேரும் என்பதை இந்தக் கரை சட்டமாகவே அறிந்திருக்கிறது. அந்த இரண்டு மாதமும் மீனவர் குடும்பத்துக்குப் போதுமான நிவாரணம் உரிய நேரத்தில் கிடைத்தால்தான் அது ஓய்வாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. நாளை நோக்கத்தோடு அமைத்துக்கொள்வது வசதியுள்ளவரின் பேச்சு. கட்டுமரத்திலோ சரக்குக் கொட்டகையிலோ ஒப்பந்தக் கூலியாகவோ வேலை செய்பவரின் நாளை வேறு யாரோ அமைத்துவிடுகிறார்கள் என்பது. கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்குகிறது, நிலக்கரி இறங்குகிறது. கப்பல் வரும் நேரம்தான் அங்கே நேரம். இந்த மறுப்பை ஏற்காமல் யாரும் இங்கே பேச முடியாது.

இதற்கு விடையை யாக்கோபின் திருமுகத்தில் காண்கிறேன். அதன் 4ஆம் அதிகாரத்தில், அடுத்த நகரத்துக்குப் போய் ஓராண்டு தங்கி வணிகம் செய்து லாபம் பார்ப்போம் என்று உறுதியாகப் பேசும் வணிகர்களைப் பார்த்து, உங்கள் வாழ்வு சற்றே தோன்றி மறையும் புகை என்கிறார். துறைமுகக் கரையில் வாழ்பவர்களுக்கு அந்த வணிகர்களைத் தெரியும். பெரும்பாலான பிரசங்கங்கள் புகையோடு நின்றுவிடுகின்றன. யாக்கோபு நிற்கவில்லை. நன்மை இன்னதென்று தெரிந்தும் செய்யாமலிருப்பது பாவம் என்று அந்த அதிகாரத்தை முடித்து, அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அறுவடைக் கூலியைப் பிடித்துவைத்த நிலவுடைமையாளரிடம் போகிறார். கொடுக்கப்படாத அந்தக் கூலி கடவுளின் காதுவரை கூக்குரலிடுகிறது என்கிறார். வாழ்வின் குறுமையும் கூலியின் தாமதமும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. உபாகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் துல்லியமாக, ஏழைக் கூலியாளுக்குச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு, அவன் அதை நம்பியே இருக்கிறான் என்று கட்டளையிடுகிறது. நாள் என்ற அளவின் கடமை முதலில் யார்மேல் விழுகிறது என்பது இதில் தெளிவு. இன்று மாலைக்குள் தர வேண்டியதை இன்று மாலைக்குள் தருவதில்தான் வசதியுள்ளவருடைய நோக்கமுள்ள நாள் தொடங்குகிறது. இயேசு கற்பித்த மன்றாட்டில் அன்றாட உணவைக் கேட்பதும் பன்மையில்தான். பாலைவனத்தில் மன்னா ஒரு நாளைக்கு மட்டும் என்று அளந்து தரப்பட்டதும் அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஒரு கூட்டத்துக்கே. அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவுமில்லை என்று அந்தக் கதை சொல்கிறது.

5. ஒப்படைக்க எதுவும் இல்லாதவர்கள்

என் கருத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கரையில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு நான் அநீதி செய்தவனாவேன். 2004இல் இறந்தவர்களில் குழந்தைகள் மிகப் பலர். ஒரு வயதுக் குழந்தை எதை யாரிடம் ஒப்படைத்தது? வாழ்வின் மதிப்பு விட்டுச்சென்ற வேலையில் இருக்கிறதென்றால் அந்தக் குழந்தையின் வாழ்வுக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். கிறித்தவ நம்பிக்கை இதை ஏற்காது. மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டத்தில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் நின்றவருக்கும் முழுநாள் கூலியே கொடுக்கப்படுகிறது. வெயிலெல்லாம் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். தோட்ட உரிமையாளர் கூலியை மாற்றவில்லை. நாளின் மதிப்பு கொடுப்பவரிடமிருந்து வருகிறது. ஒப்படைப்பு என்பது அந்த மதிப்பைப் பெற்றுக்கொண்டவர் செய்யும் நன்றிக் கடன். மதிப்பைச் சம்பாதிக்கும் வழி ஆகாது. சீகன்பால்கு ரூத்தோடு நின்றதும் ஆதியாகமத்திலேயே நின்றிருப்பதும் கடவுள் முன்னிலையில் ஒன்றே. நமக்குத்தான் அதில் வேறுபாடு உண்டு, ஏனென்றால் பெற்றுக்கொள்பவர்கள் நாம்.

அந்தக் குழந்தைகளை முன்வைத்து, நடந்தது கடவுள் சித்தம் என்று ஒரே வரியில் முடிப்பதையும் நான் ஏற்கவில்லை. அன்று இரண்டரை மணி நேரம் இருந்தது. செய்தியைக் கரைக்குக் கொண்டுவர வழிதான் இருக்கவில்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அந்த இரண்டரை மணி நேரம் இனி வீணாகக் கூடாது என்பதற்காக எழுந்த அமைப்பு அது. அதன் எச்சரிக்கை ஐதராபாத்திலிருந்து இந்தக் கரையின் கடைசித் தெருவரை வந்து சேருவது உள்ளூர் மக்களின் பொறுப்பு.

இந்த அவையில் பங்குத்தந்தையரும் போதகர்களும் ஜமாஅத்தாரும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் இருப்பதால் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். டிசம்பர் 26 அன்று கடலில் மலர் தூவுகிறோம். அந்த டிசம்பர் காலையில், மலர் தூவிய பிறகு, அதே மக்கள் கலைந்து போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளை நடக்கவைத்துக் காட்டுங்கள். நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், அவரை யார் தூக்கிச் செல்வார்கள் என்று தெருத்தெருவாகப் பெயரோடு எழுதி ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒவ்வொரு படி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலைத் திருத்தும் வேலையை அவ்வாண்டு பள்ளி முடிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.